ராப் ஆல்பத்துக்கு ஊர் உண்டா? ‘அக்வெமினாய்’ ஆல்பத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

ராப் கேட்க ஆரம்பித்த புதிதில் பாட்டை விட எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது, பாட்டைப் பற்றி மற்றவர்கள் பேசுவதுதான். ஒரே ஆல்பம். ஒருத்தர் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார். அடுத்தவர், “ஆறாவது பாட்டுக்கு மேல தாங்கல, எதுக்கு இவ்வளவு வாத்தியம், ராப்புன்னா ராப் பண்ணுங்கப்பா” என்கிறார். மூன்றாமவர் இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல், “இதை ஹெட்ஃபோன்ல கேட்டா இப்படித்தான், கார்ல கேளு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். மூன்று பேருமே பல வருஷமாகக் கேட்பவர்கள், விவரம் தெரிந்தவர்கள். சரி, யார் சொல்வதை நம்புவது?

கொஞ்ச காலம் கழித்துத்தான் பிடிபட்டது, இவர்கள் கையில் ஆளுக்கொரு அளவுகோல் இருக்கிறது. ராப்பில் அந்த அளவுகோல் ஊருக்கு ஊர் மாறும். தேங்காய் அரைத்து ஊற்றிய மீன் குழம்பு சாப்பிட்டே வளர்ந்தவர், வெறும் புளி விட்டுக் கொதிக்கவைத்த குழம்பை வாயில் வைத்ததும் “என்னமோ குறையுதே” என்பார். ஒன்றும் குறையவில்லை, அது வேற குழம்பு. இதே கதைதான் இங்கேயும். ஆனால் இரண்டு ஊர்க் குழம்பையும் ஒரே சட்டியில் சேர்த்து ஒருத்தர் வைத்துவிட்டால்? அப்போதுதான் சண்டை சூடு பிடிக்கும். பல பாணிகளைக் கலந்த வட்டார ராப் ஆல்பங்களுக்கு நேர்வது அதுதான்.

இதைப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் புரியாது, ஓர் ஆல்பத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தெற்கில் இருக்கும் அட்லாண்டா நகரத்து இரட்டையர் அவுட்காஸ்ட். பிக் பாய், ஆந்த்ரே 3000 என்று இரண்டே பேர். 1998 செப்டம்பர் 29 அன்று வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பம் ‘அக்வெமினாய்’. பிக் பாய் அக்வேரியஸ், அதாவது கும்ப ராசி. ஆந்த்ரே ஜெமினி, மிதுன ராசி (மேற்கத்தியக் கணக்குப்படி, நம்ம ஜோசியரிடம் கேட்டால் வேற சொல்வார்). இரண்டு ராசிப் பெயரையும் வெட்டி ஒட்டியதுதான் தலைப்பு. தலைப்பிலேயே கலப்பு ஆரம்பமாகிவிடுகிறது.

ஆல்பத்துக்குள் போகும் முன் ஊர்க்கதை கொஞ்சம் தெரிய வேண்டும். ராப்பின் தாய்வீடான ஹிப்-ஹாப் பிறந்தது நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில். 1973 ஆகஸ்ட் 11 அன்று அங்கே செட்ஜ்விக் அவென்யூவில் 1520 எண்ணுள்ள கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் பாட்டுப் போட்ட பார்ட்டியைத்தான் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். நியூயார்க் ராப்பின் பழைய அடையாளம் ‘பூம்-பாப்’ என்ற தாளம். பெயரே சத்தம்தான்: பூம் என்பது கிக், அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம்; பாப் என்பது ஸ்நேர், சுரீரென்று அடிக்கும் சின்ன டிரம். பழைய ஜாஸ், சோல் ரெக்கார்டில் இருந்து ஒரு துண்டை வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே வார்த்தைகளை அடுக்குவார்கள். பீட், அதாவது பின்னணி இசை, அடக்கி வாசிக்கும், வார்த்தைதான் ராஜா. அதனால் அந்த ஊர்க் காதுக்குப் பழகியவர் எதைக் கேட்டாலும் முதலில் எதுகையைத்தான் எண்ணுவார், ஒரு வரிக்குள் எத்தனை இயைபு, என்ன சிலேடை, பஞ்ச் எங்கே விழுகிறது என்று.

மேற்கு, அதாவது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், வேற மாதிரி. 1992 டிசம்பரில் டாக்டர் ட்ரேயின் ‘தி க்ரானிக்’ வந்த பிறகு ‘ஜி-ஃபங்க்’ என்ற பாணி உலகம் முழுக்கப் போனது. நிதானமான தாளம், கனமான பேஸ் (நெஞ்சில் அதிரும் தாழ்ந்த சத்தம்), அதற்கு மேலே விசில் மாதிரி இழுத்துக்கொண்டே போகும் சிந்தசைசர். வெயிலில் கார் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகிற இசை. இதைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்.

தெற்குதான் விஷயம். முதலில் ஒன்று, தெற்கு என்று ஒரே பாணி கிடையாது. மயாமியில் வேகமான பேஸ் இசை. ஹியூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ பாட்டை மெதுவாக ஓடவிட்டு, ரெக்கார்டு தேன் மாதிரி ஒழுகுவது போல ஆக்கிவிட்டார். மெம்ஃபிஸில் பேய்ப் படத்துப் பின்னணி போன்ற இருட்டு. நியூ ஆர்லியன்ஸில் ஆட்டம் போட வைக்கும் ‘பவுன்ஸ்’. அட்லாண்டாவில் சர்ச் ஆர்கன், பழைய ஃபங்க் கிட்டார், நிஜ ஆட்கள் உட்கார்ந்து வாசிக்கும் வாத்தியம். அவுட்காஸ்ட் வளர்ந்த கூடாரம் இந்தக் கடைசி வகை: ரிக்கோ வேட், ரே மர்ரே, ஸ்லீப்பி பிரவுன் மூவரும் சேர்ந்த ‘ஆர்கனைஸ்டு நாய்ஸ்’ என்ற தயாரிப்புக் குழு. ரிக்கோவின் அம்மா வீட்டில், பூச்சு வேலைகூட முடியாத அடித்தள அறையில்தான் பாட்டுக் கட்டுவார்கள். அந்த அறைக்கு ‘டஞ்சன்’, அதாவது பாதாளச் சிறை என்று பெயர்.

தெற்கு முழுக்கப் பொதுவாக ஒன்று உண்டென்றால் அது பேஸ். 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தில் கிக் சத்தம் ‘டும்’ என்று அடித்து நிற்காது, ‘டூம்ம்ம்’ என்று நீண்டு அடங்கும். தெற்கு நகரங்கள் பரந்து கிடப்பவை, கார் இல்லாமல் ஆகாது, பாட்டும் காரில்தான். டிக்கியில் சப்வூஃபரைப் பொருத்திக்கொண்டு ஊர் சுற்றுகிறவனுக்கு அந்த ‘டூம்ம்ம்’ முதுகில் விழ வேண்டும். அவுட்காஸ்டின் முதல் ஆல்பத்தின் தலைப்புக்குள்ளேயே கேடிலாக் கார் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கதையும் இதில் ஒரு வரி வரும். இந்த ஆல்பத்தை முதல் தடவை நான் கேட்டது ஃபோன் ஸ்பீக்கரில். டப்பாவுக்குள் யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது, நடுவில் மூடிவிட்டேன். அப்புறம் நண்பன் காரில் ஒரு ராத்திரி பைபாஸில் போகும்போது அதே பாட்டு ஓடியது. டேஷ்போர்டில் கிடந்த சில்லறை நடுங்கியது. “என்னடா இது புதுசா?” என்று கேட்டேன். “நீ மூடி வச்சதுதான்” என்றான்.

இப்போது 1995-க்குப் போவோம். அந்த ஆகஸ்ட்டில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ‘தி சோர்ஸ்’ என்ற ராப் பத்திரிகையின் விருது விழா. கிழக்குக்கும் மேற்குக்கும் சண்டை முற்றியிருந்த நேரம், மேடையில் இருந்தே ஒருத்தரை ஒருத்தர் குத்திப் பேசினார்கள். அந்தச் சூட்டில் சிறந்த புதுக் குழு விருது யாருக்கென்றால், கிழக்குக்கும் இல்லை, மேற்குக்கும் இல்லை, அட்லாண்டாக்காரர்களுக்கு. அரங்கில் கூச்சல். ஆந்த்ரே மைக்கைப் பிடித்து, தெற்கிடமும் சொல்ல விஷயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினார். தெற்கு ராப்பைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்த வரியைத் தொடாமல் போவதில்லை. நியூயார்க் ரசிகனுக்கு அன்று தெற்கு என்றால் பட்டிக்காடு: இழுத்து இழுத்துப் பேசுகிறவர்கள், ஆட்டம் போடத்தான் லாயக்கு, வார்த்தை வராது.

‘அக்வெமினாய்’ இந்தப் பின்னணியில் வருகிறது. எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயமே, ரசிகர் கருத்து ஆல்பத்துக்கு வெளியே கிடக்காமல் ஆல்பத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருப்பதுதான். ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜி’ பாட்டில் ஆந்த்ரே, தன்னைப் பற்றி ஊரில் கேட்கும் கேள்விகளை வரிசையாகத் திருப்பிச் சொல்கிறார்: ஆந்த்ரேவுக்கு என்ன ஆச்சு, ஏதாவது மதக்குழுவில் சேர்ந்துவிட்டானா, போதையா, நீங்கள் இரண்டு பேரும் எப்போது பிரியப்போகிறீர்கள். நான் முன்னை விட நன்றாகத்தான் இருக்கிறேன், உனக்கு என்ன பிரச்சினை என்பது அவர் பதில். பாட்டு முடிந்ததும் ஒரு குட்டி நாடகம். கேசட் கடையில் ஒருவன் புலம்புகிறான், முதல் ஆல்பத்தில் தெருவில் கெத்தாகத் திரிகிறவர்களாக இருந்தார்கள், அடுத்ததில் வேற்றுக்கிரகவாசி ஆனார்கள், இப்போது என்னமோ ஆன்மிகம் விண்வெளி என்கிறார்கள், இனிமேல் இவர்களை வாங்க மாட்டேன் என்று. சொல்லிவிட்டு வேற ஒரு குழுவின் ஆல்பத்தைக் கேட்டு வாங்குகிறான். அந்தக் குழு கற்பனை, பெயரே பச்சையான ரவுடித்தனம்.

அந்தக் கடைக் காட்சியைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். கலப்பு ஆல்பத்துக்கு வரும் முதல் வகைக் குறை அதுதான், “மாறிட்டாங்க”. இதைச் சொல்பவர் பெரும்பாலும் வெளியூர் ஆள் இல்லை, சொந்த ஊர் ரசிகர். தன் ஊரின் சத்தம் கடைசியில் ஆல்பத்தில் கேட்டதே என்று சந்தோஷப்பட்டவர், அடுத்த ஆல்பத்தில் அது கரைந்துபோய்விடுமோ என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த ஆல்பத்துக்கு அது பொருந்துமா என்பது வேற கேள்வி.

பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது? இங்கே ஒரு சின்ன வித்தியாசம் தெரிய வேண்டும். கலப்பதில் இரண்டு வகை. ஒரு பாட்டு நியூயார்க் மாதிரி, ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி, ஒன்று ரேடியோவுக்கு என்று அடுக்குவது ஒரு வகை. சாப்பாட்டுத் தட்டில் கிண்ணம் கிண்ணமாக வைக்கிற மாதிரி, ஒன்றோடு ஒன்று ஒட்டாது. இன்னொன்று அரைத்துச் சேர்ப்பது: எல்லாம் உள்ளே இருக்கும், ஆனால் ஒரு ருசிதான் மேலே நிற்கும். வட்டார ஆல்பம் இரண்டாவது வகையாக இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த எளிய சோதனை உச்சரிப்பு. வெளியூர்ப் பாணிக்குப் போகும்போது அந்த ராப்பர் தன் ஊர்ப் பேச்சை விடுகிறாரா, வைத்துக்கொள்கிறாரா?

‘ஸ்க்யூ இட் ஆன் த பார்-பி’ என்ற நாலாவது பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் வூ-டாங் கிளான் குழுவைச் சேர்ந்த ரேக்வான் விருந்தாளி. மூன்று வருஷம் முன்பு கூச்சல் போட்ட ஊரில் இருந்து ஒருத்தர் வந்திருக்கிறார். அவர் தன் ஊர்ப் பாணியில் சொற்களை நெருக்கி அடுக்கிவிட்டுப் போகிறார். ஆனால் பீட் ஆர்கனைஸ்டு நாய்ஸுடையது, பிக் பாய், ஆந்த்ரே இருவரும் அட்லாண்டா இழுவையை ஒரு எழுத்துகூட விடாமல் வேகமாகப் போகிறார்கள். விருந்தாளிதான் வீட்டுக்கு வந்திருக்கிறார், வீடு விருந்தாளியிடம் போகவில்லை. அதே பாட்டில் பிக் பாய் ஒரு கணக்கையும் தீர்க்கிறார். ‘தி சோர்ஸ்’ ஆல்பங்களுக்கு மதிப்பெண்ணை மைக் கணக்கில் போடும், ஐந்து மைக்தான் உச்சம். அவுட்காஸ்டின் முதல் ஆல்பத்துக்கு நாலரை. அந்த மீதி அரை மைக்கை எனக்குக் கொடு, அந்த ஆல்பம் கிளாசிக் இல்லையா என்று பாட்டுக்குள்ளேயே கேட்டுவிட்டார். பத்திரிகை அந்த அரை மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை, ‘அக்வெமினாய்’க்கு ஐந்து மைக் கொடுத்தது.

‘ரோசா பார்க்ஸ்’ பாட்டைப் பற்றி ரசிகர்கள் இன்னும் வேற மாதிரி பேசுவார்கள். ராப் பாட்டின் நடுவில் திடீரென்று ராப் நிற்கிறது, கைத்தட்டும் காலடியும் மட்டும், அதற்கு மேல் ஒரு மௌத் ஆர்கன் குதித்துக்கொண்டு வருகிறது. வாசிப்பவர் ஆந்த்ரேவின் மாற்றாந்தந்தை, சர்ச் போதகர். நியூயார்க் காதுக்கு இது வேடிக்கை. தெற்கில் வளர்ந்தவருக்கு அது தாத்தா வீட்டுத் திண்ணை, ஞாயிற்றுக்கிழமை சர்ச். எந்த ரெக்கார்டில் இருந்தும் வெட்டாமல் ஊரில் இருந்து நேராக எடுத்து வைத்த சத்தம். (பாட்டின் பெயருக்காக, கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ் தரப்பு 1999-இல் வழக்குப் போட்டது, 2005-இல்தான் சமரசம் ஆனது. அது தனிக் கதை.)

வார்த்தைதான் ராஜா என்று நினைப்பவர்கள் வாயடைத்துப்போவது ஒன்பதாவது பாட்டில், ‘டா ஆர்ட் ஆஃப் ஸ்டோரிடெல்லின்’ முதல் பாகம். பிக் பாய் தன் பங்குக்குக் கலகலப்பான, கொஞ்சம் பச்சையான ஒரு சந்திப்பைச் சொல்லி முடிக்கிறார். அடுத்து ஆந்த்ரே. சாஷா என்ற சின்ன வயதுச் சிநேகிதி. பெரியவளானதும் என்னவாக ஆகப்போகிறாய் என்று கேட்கிறான். “உயிரோட இருக்கணும்” என்கிறாள். அவன் ஊர் ஊராகப் பாடப்போய்விடுகிறான், அவள் கையில் போதை ஊசியோடு முடிந்துபோகிறாள். பஞ்ச் இல்லை, சிலேடை இல்லை, ஒரு பதில்தான், ஆனால் அது மறக்காது. இந்தக் கதை சொல்லும் முறை நியூயார்க் ராப் பெருமைப்பட்டுக்கொள்ளும் சொத்து. அதை எடுத்துத் தெற்குப் பேச்சில், அவசரமே இல்லாத தாளத்தில் சொல்கிறார்கள்.

அப்புறம் பன்னிரண்டாவது, ‘ஸ்பாட்டியாட்டிடோபலிஷஸ்’. (ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.) சுமார் ஏழு நிமிஷம். இதில் கிட்டத்தட்ட ராப்பே கிடையாது. ஸ்லீப்பி பிரவுன் பாடுகிறார், இரண்டு பேரும் பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஆந்த்ரே ஒரு கிளப் ராத்திரியையும் அங்கே வெடிக்கும் அடிதடியையும் பற்றிப் பேசுகிறார். பிக் பாய் ஒரு காதல், அதில் பிறக்கப்போகும் குழந்தை, போதைப்பொருள் சோதனையில் தோற்றதால் தபால் ஆபீஸ் வேலைக்குக் கூப்பிடவே இல்லை என்பது வரை வருகிறார். இடையிடையே ஒரு பித்தளை வாத்தியக் கூட்டம் ஒரே மெட்டை ஊதுகிறது. 2016-இல் பியான்சே தன் ‘ஆல் நைட்’ பாட்டில் அந்த மெட்டை எடுத்துப் போட்டார், எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே அதைக் கேட்டவர்கள் நிறையப் பேர். ஆல்பத்தில் இதுதான் உச்சம் என்று சொல்பவர்களும் உண்டு, “ராப் ஆல்பத்துல ராப்பை எங்கடா காணோம்” என்பவர்களும் உண்டு. நான் முதல் கட்சி. ஆனால் இரண்டாம் கட்சிக்காரர் ரசனை இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன், அவர் கையில் இருப்பது எதுகை எண்ணும் அளவுகோல், இந்தப் பாட்டில் எண்ண ஒன்றும் இல்லை.

ஆல்பத்தில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 16 டிராக், 70 நிமிஷத்துக்கு மேல். ‘மாமாசீட்டா’ பாட்டைத் தாண்டிப் போய்விடுகிறவர்களில் நானும் ஒருவன். கடைசிக்கு முந்தின ‘லிபரேஷன்’ எட்டு நிமிஷத்துக்கும் மேல், பியானோ, சீ-லோ, எரிகா பாடு என்ற பாடகர்களின் குரல், பிரார்த்தனை மாதிரி மெதுவாக ஏறும். நல்ல மனநிலையில் கேட்டால் கண் கலங்கும், அவசரத்தில் கேட்டால் எப்போது முடியும் என்று தோன்றும். ‘ஏடிலியன்ஸ்’ என்ற 1996 ஆல்பம்தான் அவுட்காஸ்டின் உச்சம் என்று வாதாடுகிற பெரிய கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் சொல்வது, அதில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சூழல், ஒரே இருட்டு, இங்கே கதவு திறந்திருப்பதால் யார் யாரோ வருகிறார்கள் போகிறார்கள் என்பது. ஒரு மனநிலைக்குள் மூழ்க விரும்புகிறவர்களுக்கு அந்த வாதம் சரியானதுதான். எனக்கு வந்துபோகிறவர்களைப் பார்க்கத்தான் பிடிக்கும்.

‘அக்வெமினாய்’ வெளியான அன்றே கடையில் ஜே-சியின் ‘வால்யூம் 2’, ‘பிளாக் ஸ்டார்’, எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட்டின் ‘தி லவ் மூவ்மென்ட்’ என்று நியூயார்க்காரர்களின் மூன்று ஆல்பங்கள் இருந்தன. நாலுமே ஒரே நாள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ‘அக்வெமினாய்’ அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் நேராக இரண்டாம் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

இனிமேல் ஏதாவது ஒரு வட்டார ராப் ஆல்பத்தைப் பற்றிக் கருத்து படிக்கும்போது, எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கும் முன் அவர் எதைத் தேடிப் போனார் என்று பாருங்கள். “வரிகள் சுமார்” என்றால் அவர் மேற்கோள் காட்டும் மற்ற ஆல்பங்கள் எந்த ஊர்? “பேச்சே புரியல” என்றால் அவருக்கு அந்தப் பேச்சுவழக்கு புதுசு, பத்து நாள் கேட்டால் சரியாகிவிடும், எனக்கே ஆனது. “சத்தம் மட்டும்தான் இருக்கு” என்றால் எதில் கேட்டார் என்று கேளுங்கள். “மாறிட்டாங்க” என்றால் அவரிடம் பழைய ஆல்பம் எது என்று விசாரித்து அதையும் கேட்டுவிடுங்கள், சொந்த ஊர்க்காரர் சொல்லும் பழசு பெரும்பாலும் கேட்கத் தகுந்ததாகத்தான் இருக்கும்.

‘அக்வெமினாய்’ புதிதாகக் கேட்பவர்கள் முதலில் இருந்து தொடங்க வேண்டாம். பன்னிரண்டாவதைக் காரில் கேளுங்கள், கார் இல்லையென்றால் காதை மூடும் நல்ல ஹெட்ஃபோன். அடுத்து ஒன்பதாவது, அதற்கு வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நாலாவது. இந்த மூன்றும் பிடித்தால் முதல் டிராக்கில் இருந்து கடைசி ‘சாங்கிஃபயர்’ வரை ஒரே மூச்சில் போகலாம். அந்தக் கடைசிப் பாட்டு கரகர கிட்டாரோடு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள், இன்னும் கொஞ்சம் ஓடும். 1995 விழாவில் ஆந்த்ரே பேசிய ஒலித்துண்டை அங்கேதான் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.